ஒரு ஜன்னலும் இரண்டு சரோஜாவும்

என் அக்காவின் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு தடவை அதைக் கெடுக்கப் பார்த்தவனும் நான்தான் என்று வீட்டில் மற்ற எல்லோரும் சொல்வார்கள். இரண்டுமே உண்மை.

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். பிடித்துவிட்டால், ஏன் இவ்வளவு அழுத்திப் பிடித்தான் என்று பயம். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு மாத்தளை டவுனில் ஒரு பலசரக்குக் கடையில், பழைய சஞ்சிகைகளைக் கிழித்துப் பருப்பும் சீனியும் சரை சுற்றும் வேலை. கிழித்த தாள்களை வாசித்தே அறிவை வளர்த்தேன். அதனால் உலகத்தில் எந்த விஷயமும் எனக்குப் பாதிவரை நன்றாகத் தெரியும்.

அப்போது சரோஜா அக்காவுக்கு இருபத்தேழு வயது. அப்பா இல்லை. வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப் போயிருந்தன. அடுத்ததும் போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா சாமிப் படத்திடமும் சட்டிபானையிடமும் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் மாரிமுத்து அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளை சிவலிங்கம், தேயிலை ஸ்டோரில் வேலை.

"ஒரு போட்டோ கேக்குறாங்க. நல்லதா பாத்துக் குடுங்க. மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் சந்தேகப் பிராணி" என்றார்.

எண்பதுகளின் கடைசி அது. கடைகளை மூடச் சொல்லிக் கலகக்காரர்கள் சுவரில் ஒரு கடதாசி ஒட்டினால் போதும், டவுனே மூடிவிடும். (என் வேலையும் அப்படித்தான் மூடிக் கிடந்தது.) "இந்தக் காலத்துல பொட்டப்புள்ளய பஸ்ஸுல ஏத்தி ஸ்டூடியோவுக்கு அனுப்ப மாட்டேன்" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார்.

"நான் எடுக்கிறேன்" என்று சொன்ன குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். என்னுடையது.

குவைத்துக்குப் போய் வந்த சின்னம்மாவின் கமரா இருந்தது. அதன் பிளாஷ் செத்து ஒரு வருஷம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் இல்லை. ஆனால் நான் ஒரு தாளில் வாசித்திருந்தேன்: 'வீட்டிலேயே அழகாக முகப்படம் எடுக்க ஒரே ஒரு வெளிச்சம் போதும். ஜன்னலோரம் உட்கார வைத்து, மற்ற வெளிச்சங்களை அடைத்துவிடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் ஒளிரும். மறுபக்கத்தில்...' அவ்வளவுதான். அதற்குக் கீழே யாரோ அரை றாத்தல் பருப்பு வாங்கிப் போயிருந்தார்கள்.

எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்ததே ஒரு ஜன்னல். அது போதும். மற்ற வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே வந்தாலும் படம் நாசமாகிவிடும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தினேன். கூரைத் தகரத்தின் ஓட்டைகளில் துணி அடைத்தேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்த அடுப்பையும் அணைக்கச் சொன்னேன்.

"அடுப்பு என்னாடா பண்ணுச்சு?"

"வெளிச்சம் வருதும்மா."

"சோறு பாதி வெந்திருக்குடா பாவி!"

அக்கா வியர்வையில் நனைந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அசையாத. சிரிக்காத. மூச்சு விடாத" என்றேன்.

"செத்தவங்களத்தான்டா இப்புடிப் படம் புடிப்பாங்க."

மாரிமுத்து அண்ணன் பிலிம் ரோலைக் கண்டிக்குக் கொண்டுபோய்க் கழுவி வந்தார். முப்பத்தாறில் ஒன்றுதான் தேறியது. அதில் அக்காவின் இடது கன்னம் பௌர்ணமி, வலது பக்கம் அமாவாசை. தாளில் சொன்னபடியே வந்திருக்கிறது என்று பூரித்துப் போய் அனுப்பிவைத்தேன்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. மாரிமுத்து அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடி, உள்ளே வரத் தயங்கினார்.

"தங்கச்சிக்கு வலது பக்கம் என்னான்னு கேக்குறாங்க."

"என்னான்னா?" என்றார் அம்மா.

"சுட்ட காயமா, மறுவா, கண்ணு கிண்ணு இல்லையான்னு..."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பை மறுபடியும் பற்றவைத்திருக்கலாம். அக்கா எழுந்து போய், முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பயந்தவனின் மூளை சும்மா இருக்காதே. வலது பக்கம் தெரியவில்லை என்றால் வலது பக்கத்தை எடுத்து அனுப்பினால் தீர்ந்தது! அக்காவை மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தேன். இப்போது வேறு சேலை, பின்னல் முன்னால், காதோரம் ரோசாப்பூ. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து தண்ணி வாளிக்குள் உட்கார்ந்த நேரம் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வலது கன்னம் ஜொலித்தது. இடது பக்கம்? அமாவாசைதான். அதை யார் பார்த்தது?

படத்தோடு ஒரு கடிதமும் வைத்தேன். என் ஏழாம் வகுப்பு முழுவதும் அதில் இருந்தது: 'முன்பு அனுப்பியது ஒன்று. இது மற்றது. இரண்டையும் பார்த்து முடிவு சொல்லவும்.'

மாரிமுத்து அண்ணன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். "ரெண்டாவது ரொம்பப் புடிச்சிருக்காம்! மொதலாவது வேணாம்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம பாக்க வாறாங்க."

முதல் படம் சுமார்தான் என்று நானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து, பயத்தில் முகம் இறுகி நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்:

"மூத்த புள்ளைங்களா? நல்லாருக்கட்டும். எளையவள வரச்சொல்லுங்க."

"எந்த எளையவ?" என்றார் அம்மா.

"நாங்க பாக்க வந்த புள்ள. தம்பிதான் எழுதியிருந்தாரே, ஒன்னு அனுப்புனோம், இது மத்ததுன்னு." இரண்டு படத்தையும் எடுத்துப் பாயில் வைத்தார். ஒன்றில் இடது பக்கமாக முறைக்கும் ஒருத்தி. மற்றதில் வலது பக்கமாகச் சிரிக்கும் ஒருத்தி. பெற்ற அம்மாவே ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க!"

"அப்ப இது யாரு? அடுத்த வீட்டுப் புள்ளையக் காட்டிட்டு இதக் கட்டிவைக்கப் பாத்தீங்களா? டேய் சிவலிங்கம், எந்திரி!"

என் கால் ஏற்கனவே கதவுப் பக்கம் போய்விட்டது. (உண்மையைச் சொன்னால், கால் இஸ்தோப்பில், தலை மட்டும் உள்ளே.) அப்போது டம் என்று தட்டை வைத்த சத்தம். அக்கா முக்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"டேய், ஓடாத. கதவச் சாத்து."

சாத்தினேன். காம்பிரா இருண்டது. அக்கா இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி முறைத்தாள். "இது மூத்தவ." திரும்பி உட்கார்ந்து, வலது கன்னத்தைக் காட்டிச் சிரித்தாள். "இது எளையவ. ரெண்டு பேருக்கும் தோட்டத்துச் சம்பளச் செக்ரோல்ல ஒரே பேருதாங்க. எங்களுக்குப் படம் புடிச்ச ஆளு அந்தா நிக்கிறான், அவனக் கேளுங்க."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை தேத்தண்ணி புரையேறிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் லேசில் விடவில்லை. அக்காவை இஸ்தோப்புக்கு அழைத்துப் போய், வெயிலில் நிறுத்தி, இரண்டு கன்னத்தையும் முந்தானையால் துடைத்தே பார்த்துவிட்டார்.

"ஒன்னுதான்டா" என்றார் மகனிடம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இருக்கட்டும்மா. எனக்கு ரெண்டு பேரும் சரி" என்றார் அவர்.

தை மாதம் கல்யாணம். போட்டோவுக்கு ஆள் கண்டியிலிருந்து வந்தார். என்னைப் பந்திப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

(மறுபக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் அந்த இருட்டு போய்விடுமாம். வருஷங்கள் கழித்து வேறொரு தாளில் வாசித்தேன்.)

கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா கோபப்பட்டால் மச்சான், "மூத்தவ வந்துட்டா டோய்" என்று தோட்டப் பக்கம் போய்விடுவார். யார் அந்த மூத்தவள் என்று அவர்களுடைய மகள் கேட்டபோது அந்த முதல் படத்தைக் காட்டி, "இதுதான் ஒங்க பெரியம்மா" என்றும் சொல்லி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

பிள்ளையின் இரண்டாம் வகுப்பில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். அன்று பிள்ளையைக் கூட்டிவரப் போன என்னை டீச்சர் தனியாக அழைத்து, கொப்பியை விரித்தார். அப்பா, அம்மா, பக்கத்தில் பாதி முகம் கறுப்பாகத் தீட்டிய ஒரு பெண்.

"பெரியம்மாவுக்கு என்ன நடந்தது?" என்றார் டீச்சர் மெதுவாக. "நெருப்புப் பட்டதா?"

நான் வாய் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது.

"இல்ல டீச்சர். எங்க மாமா போட்டோ புடிச்சாங்க."