கேணல் நின்ற வாசல்

பேசியே ஒரு பட்டாளத்தை விரட்டக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் லண்டன் ஈஸ்ட் ஹாமில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் ஆறு பேர் குடியிருந்த வீட்டின் முன்னறையில்தான் இருந்தார். வீட்டு முதலாளி அந்த வீட்டை வாங்கியபோது, பழைய வாடகைக்காரரான அவரையும் சேர்த்தே வாங்கவேண்டியிருந்தது. நாங்கள் அவரைக் கேணல் என்போம். உண்மையில் அவர் வெறும் கோப்ரல். பதவி உயர்வு கொடுத்தது நாங்கள்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கேணல் அயர்லாந்துக்காரர். இளவயதில் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர், ஆபிரிக்காவில் யாரோ ஒரு சனத்தின் விடுதலைப் போரில் போய்ச் சேர்ந்தாராம். எந்த நாடு என்று கேட்டால், "அப்போது அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை" என்பார். தொடையில் குண்டு பட்டதாம். திங்கட்கிழமை சொன்னால் இடது தொடை, வெள்ளிக்கிழமை சொன்னால் வலது. கதை தொடங்கினால் லேசில் முடியாது. அவருடைய அறைக் கதவு கிறீச்சிட்டால், நாங்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே பாய்வோம்.

அதைவிடக் கொடுமை அவருடைய காவல். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வெளிக்கிடுகிறவனையெல்லாம் மறித்து, "எங்கே போகிறாய்?" என்பார். யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா இது! எங்களில் மூத்தவர் தங்கராசா அண்ணை, பெற்றோல் செட்டில் வேலை. கேணல் கேட்டாரோ, அண்ணை திரும்பி உள்ளே வந்து, இருந்து, தண்ணி குடித்து, பிறகுதான் புறப்படுவார். இதனாலேயே ஷிப்டுக்குப் பிந்தி ஏச்சு வாங்கினார். ஒருநாள் வெடித்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ கேணல்! வெளிக்கிடேக்க எங்க போறாய் எண்டு கேட்டா போற காரியம் உருப்படாது. கேக்கக்கூடாது! 'போட்டு வா' எண்டு சொல்லுங்கோ, காணும்."

அண்ணை சொன்னதையும், 'போட்டு வா' என்றால் போய்விட்டு வா என்பதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கேணல் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அன்றிலிருந்து யாரையும் கேட்கவில்லை. "போட்டு வா!" என்று தமிழிலேயே கத்துவார், தபால்காரனுக்கும் சேர்த்து.

எங்களில் இளையவன் சிவம். அவனுடைய அகதி வழக்குத் தோற்றுப்போயிருந்தது. பிடித்துப் பிளேன் ஏற்றினால் கொழும்பில் திரும்பவும் சிறைதான். முதல்முறை போனபோதே கால்விரல் நகங்களை அங்கே விட்டுவிட்டு வந்தவன். கேணலுக்கு இது தெரியவந்ததும், பின்வேலியில் ஒரு பலகையைக் கழற்றிவைத்து, ஞாயிறுதோறும் அவனை அதற்குள்ளால் பாயப் பழக்கினார். நாங்கள் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

புதிதாக மனுப் போட, சிவம் சட்டத்தரணியிடம் போய்க் கையெழுத்து வைக்கவேண்டிய அன்று காலைதான் கதவு தட்டப்பட்டது. கேணல் திரையை விலக்கிப் பார்த்தார். இமிகிரேஷன்காரர் இரண்டு பேர், கூட ஒரு பொலிஸ். சிவம் இடுப்பில் சாரத்தோடு நின்று சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான்.

கேணல் அவன் தோளைத் தட்டி, "போட்டு வா" என்றார், முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தி. பிறகு தன் பழைய மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு கதவைத் திறந்து, வாசலை மறைத்தபடி நின்று, கதையைத் தொடங்கினார்.

நாங்கள் ஓடி ஒளிந்த அதே கதை! கப்பல் வந்தது, காய்ச்சல் வந்தது, இடது தொடையில் குண்டு வந்தது. "ஐயா, நாங்கள் உள்ளே..." என்றான் ஒருவன். "அதற்குத்தான் வருகிறேன்" என்று வலது தொடைக்குப் போனார்.

பின்பக்கம் சிவத்தின் சாரம் வேலி ஆணியில் மாட்டிவிட்டது. தங்கராசா அண்ணை குசினி ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தபடி குசுகுசுத்தார்: "ஐயோ முருகா! சாரத்தை விட்டிட்டு ஓடடா, விசரா!" அவன் அரைக்காற்சட்டையோடு மறைந்தான்.

அதற்குள் அவர்கள் கேணலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். "எங்கே போனான்?" என்று எங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கேட்கவில்லை. தங்கராசா அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் திரட்டி, "நோ ஆஸ்க், சேர். ஆஸ்க், வெரி பேட் லக்" என்றார். கேணல் மெடலைத் தொட்டு, "இது இந்த வீட்டுச் சட்டம்" என்றார். அறையறையாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

கதவைச் சாத்தியதும் கேணல் படியில் இருந்துவிட்டார்.

"அந்த நாட்டில் இப்படித்தான் ஒரு வாசலில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். உள்ளே ஒரு பையன். எதிரிகள் வந்தபோது நான் ஓடிவிட்டேன்."

எத்தனையோ தரம் கேட்ட கதையில் இந்த இடம் மட்டும் வந்ததேயில்லை. அண்ணை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கேணல் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார், சட்டத்தரணி கந்தோரிலிருந்து சிவம் போன் எடுக்கும்வரை. "அண்ணை, சைன் வைச்சிட்டன்" என்றான். அதைக் கேணலிடம் சொன்னபோது அவர் குழந்தைபோல அழுதார். நாங்களும்தான்.

அந்தக் குளிர்காலம் முடிய, ஒருநாள் கேணல் ஒரு பையோடு வாசலில் நின்றார். சாவியை அண்ணையின் கையில் வைத்துவிட்டு, யாரிடம் பழகினாரோ, "போட்டு வாறன்" என்றார், பிழையில்லாமல்.

ஆறு பேருக்கும் அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. ஒருவரும் கேட்கவில்லை. போகிற இடத்திலாவது அந்த மனுசனுக்கு எல்லாம் சரிவரவேண்டுமே.