ஒன்பது முறை தள்ளிப் போன வியாழக்கிழமை

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எம்லின் முடிவு கட்டிவிட்டான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் மனைவி க்ளெனிஸுக்கு ஒழுங்காக ஒரு தேதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரவேற்பு மேசைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிடுவான். அவன் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தூக்கட்டுமே, பார்ப்போம்!

பின்னே என்ன? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஒன்பது தடவை! ஜனவரியில் க்ளெனிஸின் வயிற்றுக்குள் ஒரு கட்டி இருக்கிறது, உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். இப்போது அக்டோபர். வேல்ஸ் நாட்டு மழைகூட இடையில் நாலு நாள் நின்றுவிட்டு வந்தது. இவர்களுடைய 'உடனே' மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

எம்லின் பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். டிப்போவில் மேலாளர் கெத்தினின் அறைக்கு வெளியே ஒரு பெரிய லீவு போர்டு தொங்கும். வருஷத்துக்கு இருபத்தொரு நாள். லீவு கேட்டால் கெத்தின் சிவப்பு மையில் எழுதுவான். எழுதினால் எழுதியதுதான். அப்புறம் நீ வேலைக்கு வந்தாலும் சரி, வீட்டில் படுத்துக் கிடந்தாலும் சரி, அந்த நாள் போனது போனதுதான்.

முதல் தேதிக்கு லீவு போட்டு, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு ரெண்டு பேரும் போனார்கள். தேதி மாறிவிட்டது என்றார்கள். கடிதம் போட்டோமே என்றார்கள். கடிதம் மறுநாள் வந்தது. இரண்டாவது தடவை டாக்டருக்குக் காய்ச்சல். மூன்றாவது தடவை க்ளெனிஸின் காகிதக் கட்டையே காணோம். மூன்று சிவப்பு நாட்கள் அம்போ. நாலாவது தடவைக்கு எம்லின் மூளையைக் கசக்கி, முதுகுவலி என்று டிப்போவுக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கும் தள்ளிப் போட்டார்கள். எம்லின் வரவேற்பு மேசையில் கத்தினான், பிறகு அங்கேயே தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்து நாற்காலியில் முட்டிவலிக்கு வந்திருந்த அம்மாள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, பெயர், வேலை எல்லாம் கேட்டாள். கெத்தினின் மாமியார் அவள். மறுநாளே கடைசி எச்சரிக்கை கையில் வந்தது. இன்னொரு முறை இப்படி என்றால் வேலை போய்விடும்.

ஐந்தாவது தடவையிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் திருந்திவிட்டார்கள். எம்லின் லீவு எழுதும் முன்பே க்ளெனிஸுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். என்ன, எம்லின் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்துத்தான் அந்த போன் வரும்.

"இந்தத் தடவை என்னவாம்?" என்று இந்த வாரமும் கேட்டான்.

"மெஷின் ரிப்பேராம்."

"போன தடவையும் மெஷின்தானே ரிப்பேரு?"

"அது வேற மெஷின்."

"ஆஸ்பத்திரியா, பழைய இரும்புக் கடையா? நான் போன் பண்றேன், நம்பரைக் குடு."

"நீ போன் பண்ணுனா மிச்சம் இருக்கிற மெஷினும் நின்னு போயிடும். டீயைக் குடி, மனுஷா."

அவள் குடிப்பதில்லை. கொஞ்ச நாளாக டீ இரும்பு மாதிரி கரிக்கிறது என்கிறாள். எம்லின் டீத்தூளை மாற்றிப் பார்த்தான். கெட்டிலை மாற்றினான், மூன்று முறை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டாள். குளிருகிறது என்றாள், ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தான். ஆகஸ்டில் கடற்கரை வேண்டாம், லீவை வீணாக்காதே என்றாள். சரி என்றான். கைவேலையில் எம்லினை மிஞ்ச ஆளில்லை. கண்ணால் பார்ப்பதில்தான் கொஞ்சம் மந்தம்.

அவன் போட்ட திட்டம் இதுதான். இந்த வியாழக்கிழமை அவனுக்கு ரெண்டாகப் பிரித்த ஷிப்ட். காலை ஒன்பதரைக்கு முடியும், மறுபடி இரண்டு மணிக்குத்தான் ஆரம்பம். நடுவில் நாலரை மணி நேரம். லீவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். சீருடையோடு போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்துவிடலாம். க்ளெனிஸுக்குத் தெரியவே கூடாது. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் கண்ணில் மண்ணைத் தூவப் போகிறோம் என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய நாலு கடிதங்களை பிஸ்கெட் டப்பாவில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி போகும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினான்.

ஓட்டிக்கொண்டிருந்தவன் டெல்வின். இருபது வருஷ சிநேகிதன். எம்லினைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டான்.

"நீ எங்கடா இங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னைக்கா? வேணாம்டா. நாளைக்குப் போயேன்."

"நாளைக்கு ஷிப்ட் இருக்கு."

"பஸ்ல பிரேக் சரியில்ல. இறங்கிடு."

"பத்துப் பேரு உக்காந்திருக்காங்க, நான் மட்டும் இறங்கணுமா?"

"நீ கனம் அதிகம்டா."

எம்லின் ஜன்னலோரம் உட்கார்ந்தான். டெல்வின் ஆமை மாதிரி ஓட்டினான். யாருமே நிற்காத நிறுத்தத்தில் எல்லாம் நிறுத்தினான். மார்ச் மாசத்திலிருந்து எம்லினை இந்தப் பன்னிரண்டாம் நம்பரில் போடாமல், மலை மேலே ஆடுகளைத் தவிர யாரும் ஏறாத முப்பத்தொன்றிலேயே போடுகிறான் கெத்தின். அந்த வருத்தம் எம்லினுக்கு உண்டு. இறங்கும்போது ஊர் வழக்கப்படி, "நன்றி, டிரைவர்" என்றான். டெல்வின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வரவேற்பு மேசையில் ஒரு சின்னப் பெண், புதியவள். எம்லின் டப்பாவை டொம்மென்று வைத்து நெஞ்சை நிமிர்த்தினான். வாயைத் திறப்பதற்குள் அவன் சீருடையைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"வாங்க வாங்க. க்ளெனிஸைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? சீக்கிரமே வந்துட்டீங்களே! இன்னைக்கு டெல்வின் வரலையா?"

எம்லின் டப்பாவை மேசையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டான்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு டிரைவர் வந்துடறீங்க, மேல வரைக்கும் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க. எங்க ஊர்ல இப்படியெல்லாம் பாத்ததே இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. அவருக்குத் தெரியாதாம். பாவம், ரொம்ப இளகின மனசாம்."

"இல்ல," என்றான் எம்லின். "சொல்ல மாட்டேன்."

"மூணாவது மாடி. லிப்ட் வேலை செய்யுது."

லிப்டும் ஒரு மெஷின்தான், அது நன்றாகவே வேலை செய்தது. மூன்று மாடி ஏறுவதற்குள் எம்லினுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மார்ச். முப்பத்தொன்றாம் நம்பர். ரிப்பேரான மெஷின்கள். தொப்பி. டிப்போவில் நாற்பது டிரைவர்கள். அத்தனை பேருக்கும் தெரியும், அவனைத் தவிர.

ஜன்னலோர நாற்காலியில் க்ளெனிஸ் உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். கம்பியில் சிவப்பாக ஒரு பை தொங்கியது. அதன் குழாய் அவள் கைக்குப் போனது. வீட்டில் பார்ப்பதைவிட இங்கே ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். தலை நிமிர்ந்தாள். பதறக்கூட இல்லை.

"ரெண்டு மணிக்கு உனக்கு ஷிப்ட் இல்ல?"

"க்ளென்..."

"டெல்வின் போன் பண்ணிட்டான். பாவம், ஒன்பது இடத்துல நிறுத்திப் பாத்தானாம். நிக்காதே, உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து."

எம்லின் உட்கார்ந்தான். ஸ்டூல் ஆடியது. கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்ப அந்த டீ?"

"மருந்து. வாயெல்லாம் இரும்பாயிடுது."

"கெட்டில்?"

"கெட்டில் நல்லாத்தான் இருந்துச்சு."

"மூணு கெட்டில் மாத்தினேனே!"

"மாத்தட்டும்னு விட்டேன். உனக்கும் ஒரு வேலை வேணும்ல."

எம்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பின்னல் ஊசியை நீட்டி எச்சரித்தாள். "இதோ பாரு, இதுக்குத்தான் சொல்லல. நாலாவது தடவை ஞாபகம் இருக்கா? எனக்குன்னு வச்சிருந்த டிஷ்யூ பெட்டியை நீ ஒருத்தனே காலி பண்ணே. நர்ஸ் என்னை விட்டுட்டு உனக்கு டீ போட்டுக் குடுத்தா. உன்னைத் தேத்தறதா, நான் வைத்தியம் பாத்துக்கறதா? அப்புறம் அந்தக் கடைசி எச்சரிக்கை. வேலையும் போயிருந்தா, நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பே. நோயை விட அது எனக்குக் கஷ்டம்."

"நான் உன் பக்கத்துல இருந்திருக்கணும், க்ளென்."

"இருக்கத்தான் போறே." அவள் பின்னலைக் கீழே வைத்தாள். "இது மருந்து இல்ல, எம். வெறும் ரத்தம், தெம்புக்கு. மருந்தைப் போன வாரமே நிறுத்திட்டாங்க. கேக்கலையாம்."

பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எம்லின் அதையே பார்த்தான். எட்டு மாசமாக அவள் தனியாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் ஆடுகளுக்கு பஸ் ஓட்டியிருக்கிறான். தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எவ்வளவு நாளாம்?"

"தேதி கேட்டேன். அதுக்கு மட்டும் தேதி குடுக்க மாட்டேங்கறாங்க." சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் பெரிய கையைத் தன் குழாய் இல்லாத கைக்குள் வைத்துக்கொண்டாள். "உனக்கு மொத்தம் இருபத்தொரு நாள். மூணு நாளை இங்க வெட்டியா உக்காந்தே தொலைச்சோம். இப்படியே விட்டா, எனக்கு நெஜமாவே நீ வேணுங்கறப்ப உங்கிட்ட ஒரு நாள் மிச்சம் இருக்காதுன்னு தோணுச்சு. மீதி பதினெட்டையும் அப்படியே காப்பாத்தி வச்சிருக்கேன். கடற்கரைக்குக்கூட விடல."

"பதினெட்டு போதுமா?"

க்ளெனிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை வலுத்திருந்தது.

"போதும்னுதான் நினைக்கறாங்க," என்றாள். பிறகு, "கிளம்பு. லேட்டாப் போயி வேலையைத் தொலைச்சிடாதே. என்னைக் கூட்டிட்டுப் போக டெல்வின் வருவான்."

வேலையாவது மண்ணாவது, நான் இங்கேதான் இருப்பேன் என்று எம்லின் தரையில் உட்கார்ந்துவிட்டிருக்கலாம். நூற்றுப் பன்னிரண்டு கிலோவை யாரும் தூக்கியிருக்க முடியாது. ஆனால் அவள் போ என்றால் அவன் போய்விடுவான், முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அப்படி. அவள் தொப்பி மேலே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். பிஸ்கெட் டப்பாவை அங்கேயே மறந்துவிட்டான்.

டிப்போவில் அவன் நுழைந்ததும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எம்லின் நேரே லீவு போர்டுக்குப் போனான். அவன் பெயருக்கு நேரே, வருகிற திங்கட்கிழமையிலிருந்து வரிசையாகப் பதினெட்டு கட்டங்கள். பதினெட்டும் சிவப்பு. மை நன்றாகக் காய்ந்திருந்தது. நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

கெத்தின் அறையிலிருந்து வெளியே வந்து பக்கத்தில் நின்றான். எப்போதும் எரிந்து விழுகிறவன், இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஒன்பது மாசமாகத் தள்ளிப் போடுகிறவர்களை எல்லாம் திட்டித் தீர்த்த எம்லின், அந்தக் கட்டங்கள் மேல் விரலை வைத்துக்கொண்டு, அடிபட்ட குரலில் கேட்டான்: "கெத்தின், இதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா? அடுத்த வருஷத்துக்கு... எப்பவாவது?"

"நீ இப்படிக் கேப்பேன்னு உன் பொண்டாட்டி நேத்தே சொன்னா," என்றான் கெத்தின். "முடியாதுன்னு சொல்லச் சொன்னா."