பட்டிப்பொங்கல் அறிவித்தலில் ஒரு சொல்

யூனியன்வில்லில் இருந்துகொண்டு கோயில் நிருவாகத்தையும் எங்கள் குடும்ப நிருவாகத்தையும் ஒருசேரக் கவனித்துவரும் சச்சிதானந்தன் அத்தான் அவர்களுக்கு, ஸ்காபரோவிலிருந்து உங்கள் மனைவியின் தம்பி பத்மநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மங்கையற்கரசியும் மகள் துவாரகாவும் நல்ல சுகம். அக்காவின் முதுகு நோவு குறைந்திருக்கும் என நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வசனத்துக்கு வருமுன்னரே நீங்கள் "சரி, விளங்குது" என்று வைத்துவிடுவீர்கள். இது அப்படி விளங்குகிற விசயம் இல்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்கு மறுமொழி. அங்கசன் என்ற பெடியன் எந்த ஊர், தகப்பன் என்ன செய்கிறார் என்று விசாரித்திருந்தீர்கள். அப்படி ஒரு பெடியன் இல்லை. துவாரகா போனில் யாரிடமோ, "அங்கஸ் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை, எனக்கு நித்திரையே இல்லை" என்று சொன்னதை மங்கையற்கரசி குசினிக்குள் நின்று கேட்டிருக்கிறாள். அங்கஸ் என்பது ஒரு மாட்டு இனம், அத்தான். கறுப்பாக இருக்கும். இவள் அதை அங்கசன் ஆக்கி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு வடிவான தமிழ்ப் பெயரா என்று பூரித்து, அக்காவுக்குச் சொல்லி, அக்கா உங்களுக்குச் சொல்லி, நீங்கள் சாதகம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த கிழமை அங்கஸின் நிறை முன்னூறு இறாத்தலைத் தாண்டிவிட்டது என்று மகள் சொன்னதும் இவள் காதில் விழுந்தது. உடம்பு கொஞ்சம் கூடத்தான், கலியாணத்துக்குப் பிறகு நடந்து குறைக்கலாம் என்று என்னையும் ஆறுதல்படுத்தினாள்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். இளம் ஆட்களை ஒரு துறைக்குத் தலைவர்களாகப் பயிற்றுவிக்கிற புலமைப்பரிசில் ஒன்று துவாரகாவுக்குக் கிடைத்தது உண்மை. ஒரு வருடப் பயிற்சி. கனடா முழுவதிலும் பதினாறு பேரைத்தான் எடுத்தார்கள். சந்தோசத்தில் உங்களுக்குப் போன் எடுத்து, "மாட்டுத் துறையில்" என்று சொன்னேன். நீங்கள் உடனே கோமாதா சேவை என்று முடிவுகட்டி, மாட்டுக்குப் பொங்குகிற பட்டிப்பொங்கல் அன்று கோயில் மண்டபத்தில் பொன்னாடை, மாலை, நாதஸ்வரம் என்று அடுக்கிக்கொண்டு போனீர்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருமினேன். அந்த இருமலை நீங்கள் ஓம் என்று எடுத்துவிட்டீர்கள். துறை மாட்டுத் துறைதான் அத்தான், ஆனால் பால் இல்லை. மாட்டிறைச்சி.

கொஞ்சம் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசியுங்கள். அவள் இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலைக்குப் போன நாளில் நானும் உங்களைப் போலத்தான் குதித்தேன். பத்து நாள் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து வளர்த்த பிள்ளை என்று மங்கையற்கரசி அழுதாள். பிறகு ஒக்டோபரில் ஒருநாள் அவளுடைய கார் பழுதாகி, நான்தான் இரண்டு மணித்தியாலம் ஓடிக் கொண்டுபோய் விடவேண்டி வந்தது. அங்கே முப்பது நாற்பது மாடுகளை லொறியில் ஏற்ற நாலு மல்லர்கள் நின்று கத்துகிறார்கள், தகரத்தில் தட்டுகிறார்கள், ஒரு மாடு அசையவில்லை. துவாரகா போய்க் கையைக் காட்டினாள், சத்தம் நின்றது. பிறகு மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்துகொண்டு அந்த ஒடுங்கின பாதையில் தானே நடந்து போனாள். வேலியில் யாரோ கொழுவிவிட்ட மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான், மாடுகள் ஒன்றின் பின் ஒன்றாக நடந்து ஏறின. நான் இந்த ஊரில் முப்பது வருடம் பஸ் ஓடினவன். பின்னுக்குப் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவரும் அசைந்தது கிடையாது.

அந்த லொறி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போற வரைக்கும் அதுகள் பயப்படாமல் இருக்கோணும் அப்பா, அதுதான் என்ர பொறுப்பு" என்றாள். திரும்பி வரும்போது வழி முழுக்க என் பிள்ளையை நினைத்துப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

புலமைப்பரிசில் விருந்து போன மாதம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் நடந்தது. அவளுக்கு வழிகாட்டியாக வந்திருப்பவர் கிளிபோட் என்ற வெள்ளைக்காரர், அல்பேர்ட்டாவில் ஆயிரம் மாடு வைத்திருப்பவர். நான் சைவம் என்று முன்னரே கேட்டறிந்து எனக்கு அவித்த உருளைக்கிழங்கும் பயிற்றங்காயும் சொல்லிவைத்திருந்தார். அதோடு விடாமல் தானும் அதையே வாங்கிப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். மாட்டையும் மனிசரையும் ஒரே குரலில் வழிநடத்த உங்கள் மகளுக்குத் தெரிகிறது, எனக்கு அது வர நாற்பது வருடம் பிடித்தது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழங்கு சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே அத்தான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். கோயில் விழா அறிவித்தலில் மாட்டிறைச்சி என்ற அந்தச் சொல் வேண்டாம். "கால்நடை வளர்ப்பு" என்று போட்டுவிடுங்கள். மேடையில் யாரும் அவளிடம் வேலையைப் பற்றி விபரம் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சபையில் யாராவது எழும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? பொன்னாடை போர்த்தியதும் நாதஸ்வரத்தை ஓங்கி வாசிக்கச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் இருமிச் சமாளிக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பனியில் கவனமாக நடக்கச் சொல்லவும். எல்லாம் வல்ல விநாயகர் உங்கள் குடும்பத்துக்கும் நிருவாக சபைக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் தருவாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
பத்மநாதன்

பி.கு: உறையை ஒட்டுமுன் துவாரகா இதைக் கண்டு எடுத்துவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ், எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பக்கத்தில் நான் பரீட்சை எழுதினவன் மாதிரி நின்றேன். கோபிப்பாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. "இட்ஸ் ஓகே அப்பா, கோயிலுக்கு நான் வரேல்லை. நான் ஹைட் பண்ணுற வேலை ஒண்டும் செய்யேல்லை, நீங்கள்தான் செய்யிறியள்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை ஒழுங்காக மடித்து என் கையில் தந்தாள். எனவே மேலே நான் கெஞ்சினதை எல்லாம் வெட்டிவிடுங்கள் அத்தான். மாட்டிறைச்சி என்றே போடுங்கள். நிருவாக சபை மறுத்தால் பொன்னாடை உங்களிடமே இருக்கட்டும், நாங்கள் மூன்று பேரும் வீட்டில் பொங்குகிறோம். சம்மதித்தால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் "பத்மநாதனின் மகள்" என்றும் போடவேண்டும்.