இரண்டு பச்சைப் பொத்தான்களும் ஓர் அம்பும்

நன்றாக இருக்கும் ஒரு பொருளை இன்னும் நன்றாக்கப் போய்க் கெடுப்பதில் எனக்கு இணை கிடையாது.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆளாக இருந்தேன். திரையில் ஒரு பொத்தான் வேண்டுமென்றால் கோடு கோடாக நாமேதான் வரையவேண்டிய காலம். அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அப்படி வரைந்து அலுத்தவர்கள் ஜன்னல், பொத்தான், மெனு எல்லாவற்றையும் ரெடிமேடாகக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்படி ஒரு தொகுப்பு ஃப்ளாப்பிகளில் ஏறி என்னிடமும் வந்துசேர்ந்தது. (செய்தவர்களின் போதாத காலம்.)

அதை வைத்து ஸ்டோர் இருப்பைப் பதிய ஒரு திரை செய்யவேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி.

எங்கள் பிரஸ் மிஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஸ்டோருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு வேண்டாமா? திரையில் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு பச்சைப் பொத்தான்களை நட்டேன். ஒரே நேரத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் பதிவாகும்.

(சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். புது மிஷினில் முதல் அழுத்தல் முதலாளி கையால்தான் என்பது எங்கள் ஆலை வழக்கம். தொடவே இல்லை.)

நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டினோம். முதலாளி மவுஸைப் பிடித்து இடது பொத்தானை அழுத்தினார்.

"அமுக்கிட்டேன். இப்ப?"

"அதை வுடாம வலது பக்கத்துதையும் அமுக்கணும் சார்."

"எதால?"

திரையில் மவுஸோடு நகரும் அம்பு ஒன்றுதான் இருக்கிறது என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

பின்னால் நின்ற பிரஸ் ஃபோர்மேன் தேசிங்கு, "இன்னாபா, இது ரெண்டு ஆள் வேலையா?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இன்னொரு மவுஸ் வாங்கிட்டா..." என்றேன்.

"வாங்கினா அம்பு ரெண்டாயிடுமா?" என்றார் முதலாளி.

"ஆவாது சார்."

"அப்ப சார் கையை எடுக்கலாமா, இப்படியே புடிச்சிகினு நிக்கணுமா?" என்றார் தேசிங்கு.

முதலாளி கையை எடுத்தார். "ஒண்ணு சொல்றேன். இந்த ஆலையில எவன் கையும் மாட்டாத மிஷின் இது ஒண்ணுதான். ஓட்டவே முடியாதே."

மறு வாரம் வேலை நிரந்தரமானது. கம்ப்யூட்டரில் அல்ல, பாதுகாப்புப் பிரிவில். ஓய்வு பெறும்வரை தொப்பி போடாதவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது செல்போனில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வந்தால் போதும், இன்னொரு விரலுக்குக் குரல் கொடுப்பேன். "ஒரு விரல் போதும்ப்பா" என்பாள் மகள். மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள்.