எங்கள் தீவின் ஒரே ஒரு ‘ஆம்’

ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேர்வதா வேண்டாமா என்று தலைநகரத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் படகுத்துறையில் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். சேர்ந்தால் ஸ்பெயின்காரன் படகு நம் கடலுக்குள் வரும். நம் மீன் அவன் வலையில் விழும். நாம் கரையில் நின்று அவனுக்குக் கையாட்ட வேண்டியதுதான்.

தீவின் ‘வேண்டாம்’ குழுவுக்கு நான்தான் தலைவன். பெயர் ஹால்வர். கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினேன். “இதை நாடாளுமன்றத்துல நாலு பேர் உட்கார்ந்து முடிவு பண்ணக் கூடாது! மக்களை நேரடியாக் கேட்கணும்! ஒருத்தர் விடாமக் கேட்கணும்!” அரசாங்கம் பொது வாக்கெடுப்புக்குத் தேதி குறித்தது. ஏதோ நானே குறிக்க வைத்தது போல ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். எனக்கு மீசை கிடையாது.

அந்த மிதப்பில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பத்திரிகைக்காரர் ஒருவர் படகேறி வந்து பேட்டி கேட்டார். “எங்க தீவுல ஒரு ‘ஆம்’ கூட விழாது. விழுந்தா அன்னிக்கே தலைவர் பதவியை விட்டுடறேன்” என்றேன். அதை என் படத்தோடு போட்டுவிட்டார்கள்.

சவாலில் ஒரே ஒரு ஓட்டை. அது என் வீட்டு அடுப்பங்கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

என் மனைவி போர்கில். பெயரிலேயே போர். மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை. வெளியே அரசியலைப் பற்றி மூச்சு விடமாட்டாள். வீட்டில் விடுவாள்.

“நான் வெட்டுற மீனை ஜெர்மனிக்காரன் வாங்கணும்னா அதுக்கு மேல வரி. சேர்ந்தா வரி கிடையாது. எனக்கு வேலை நிலைக்கும். நான் ‘ஆம்’தான்.”

“போர்கில், நாட்டோட மானம்னு ஒண்ணு இருக்கு.”

“வெண்ணெய் தீர்ந்துபோய் மூணு நாளாச்சு. அதை வாங்கிட்டு வரத் துப்பில்ல, ஐரோப்பாவை என்ன பண்றதுன்னு உங்களைக் கேட்கணுமாக்கும்!”

“மக்களைக் கேட்கணும்னுதானே சொல்றேன்?”

“மக்கள்ல நானும் உண்டா?”

அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

வாக்கெடுப்பு திங்கட்கிழமை. சனிக்கிழமை என் மூளையில் மின்னல் வெட்டியது. வெண்ணெய் வாங்கி வந்தேன். அவளுக்குப் பிடித்த பழுப்புப் பாலாடைக்கட்டியும் வாங்கினேன். குழைந்து பேசினேன்.

“போர்கில் கண்ணு, நீ ‘ஆம்’. நான் ‘வேண்டாம்’. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுச் சரியாப் போயிடும். அதுக்காக ரெண்டு பேரும் பனியில வழுக்கி விழுந்து ஓட்டுப் போடப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகணுமா? பேசாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துடுவோம். என்ன சொல்ற?”

என் கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு ‘வேண்டாம்’ போனால் போகட்டும். பெட்டியில் ‘ஆம்’ விழாது. பதவி தப்பும்.

போர்கில் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே யோசித்தாள்.

“சரி. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் காலே வைக்க மாட்டேன். போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை காய்ச்சல் என்று சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தலைவன் ஓட்டுப் போட வராததற்கு ஒரு காரணம் வேண்டுமே! மதியம் வாசலில் சத்தம். குழுவின் செயலாளர் ஓட்முண்ட். பக்கத்து வீட்டுக்காரன். பனியில் கிழவிகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவோமே, அந்தச் சறுக்கு நாற்காலியோடு வந்திருந்தான்.

“ஏம்மா போர்கில், எங்க தலைவரு? ஊரே ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு!”

“காய்ச்சல்னு படுத்திருக்காரு.”

“அடப் பாவமே. நீயும் வரலியே?”

“நான் போன வாரமே தபால் ஆபீஸ்ல முன்கூட்டியே போட்டுட்டேனே! உறையில வச்சு ஒட்டிக் குடுத்தாச்சு.”

கம்பளிக்குள் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அவள் அறைக்குள் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன்.

“துரோகி! சத்தியம் பண்ணினியே!”

“பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு. போனேனா?”

“முன்னாடியே போட்டாச்சுன்னு ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? ‘ஒருத்தர் விடாமக் கேட்கணும்’னு ஊரெல்லாம் கத்தினீங்க. ‘ஏண்டி, ஓட்டுப் போட்டுட்டியா’ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

இனி ஒரே வழி. என் ‘வேண்டாம்’ ஒன்றையாவது போட்டு அவள் ஓட்டை அடிக்க வேண்டும். ஒரே துள்ளலில் எழுந்தேன். கால்சட்டை ஒரு காலில்தான் ஏறியிருந்தது. “ஓட்முண்ட்! நில்லுப்பா! எனக்குச் சரியாப் போச்சு!”

கம்பளியோடு என்னைச் சறுக்கு நாற்காலியில் உட்காரவைத்துத் தீவு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். ஜன்னலுக்கு ஜன்னல் சனம் நின்று பார்த்தது. போய் ‘வேண்டாம்’ போட்டேன். பெட்டியை மூடப்போகிற நேரம்.

அன்றிரவு நாடே ‘வேண்டாம்’ என்றது. தேசம் முழுக்க நான் ஜெயித்தேன். ஆனால் எங்கள் தீவின் பெட்டியில் ஒரே ஒரு ‘ஆம்’ விழுந்திருந்தது.

மறுநாள் மீனவர் சங்கக் கூடத்தில் கூட்டம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஓட்முண்ட் எழுந்தான்.

“ஹால்வர், மறைக்காமச் சொல்லு. நேத்து நல்லாப் படுத்துக் கிடந்தே. உன் பொண்டாட்டி போட்டாச்சுன்னு காதுல விழுந்த உடனே எதுக்கு அப்படிக் குதிச்சு எந்திரிச்சே?”

“அது வந்து… அவ ஓட்டை ஈடுகட்டணும்னு…”

வாயை மூடுவதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

“கேட்டீங்களா! அந்தப் புண்ணியவதி புருஷன் பேச்சை நம்பி ஒரு வாரம் முன்னாடியே ஓடிப் போய் ‘வேண்டாம்’ போட்டிருக்கா. இவன் அதை அடிக்கிறதுக்காகக் காய்ச்சலை உதறிட்டு வந்திருக்கான்! நானே தள்ளிட்டு வந்தேன்யா அந்த ‘ஆம்’ஐ!”

“ஐயோ, ‘ஆம்’ போட்டது அவ! என் பெண்டாட்டி!”

“பெண்டாட்டி மேலயே பழியைப் போடறான் பாரு” என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் காறித் துப்பினார்.

கூட்டத்துக்குக் காப்பி ஊற்ற வந்திருந்த போர்கில் கூஜாவை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் நம்பவும் செய்தேன்.

“ரகசிய ஓட்டு. யாரு என்ன போட்டாங்கன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். என் வீட்டுக்காரரைத் திட்டாதீங்க. மக்களை நேரடியாக் கேட்டா, அவங்கவங்க மனசுல பட்டதைத்தானே போடுவாங்க? அதைத்தானே அவரும் இத்தனை நாளாச் சொல்லிட்டிருந்தாரு?”

கூடமே உருகிவிட்டது. ஓட்முண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட உத்தமிக்கு இப்படிப்பட்ட புருஷனா என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்லி என் சட்டையிலிருந்த குழுச் சின்னத்தைக் கழற்றி வாங்கினார்கள்.

அடுத்த ஐந்தாவது நிமிடம், எங்கள் தீவின் ஒரே ‘ஆம்’, ‘வேண்டாம்’ குழுவின் புதிய தலைவியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்ததால், முதலில் கை தூக்கியவன் நான்தான்.