லவ் லெட்டரில் செய்த தோட்டா

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பேசுவதற்கென்றுதானே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம்? எனக்கு அப்படி யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பிறை என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. அது முடிந்தால் நான்கு சுவரும் நானும். (சுவர்களோடு நல்ல உறவுதான், குறை சொல்வதற்கில்லை.)

அப்போதுதான் போன் வீடியோவில் ஒரு அமெரிக்க வழுக்கைத்தலையர் கிடைத்தார். ரிவால்வர் தோட்டாக்களை மேசையில் நிற்கவைத்து, எது எதில் போகும், எது போகாது என்று ஒப்பிட்டுக் காட்டுவார். துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் மனுஷன் ஒவ்வொரு வீடியோவையும் இங்கிலீஷில் "வாங்க நண்பர்களே" என்றுதான் ஆரம்பிப்பார். நாள் முழுக்க என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே பார்த்தேன்.

எங்கள் கேண்டீன் அக்கா ஜெலுத்தோங்கில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி, தானும் கணவரும் கூட வருவதாக ஏற்பாடு. போக வேண்டிய அன்று காலை போன் வந்தது. நிபோங் திபாலில் அவருடைய மாமியார் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

"நீ மட்டும் போய்ட்டு வா லா தம்பி. தங்கமான பொண்ணு, விட்டா கெடைக்காது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்."

போனேன். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன். சுவரில், இடுப்பில் ரிவால்வரோடு அவருடைய படம். பெண் டீ கொண்டுவந்து வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், மனதுக்குள் இரண்டு பிள்ளை பெற்று ஸ்கூலிலும் சேர்த்துவிட்டேன்.

"பெரியவங்க யாரும் வரலியா தம்பி?"

"திடீர்னு அவசரமாயிருச்சு அங்கிள்."

"அண்ணன், தம்பி?"

"இல்ல அங்கிள்."

அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. அந்த மௌனம் எனக்கு வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது, இங்கேயுமா?

"படத்துல இருக்கற ரிவால்வர் தர்ட்டி எய்ட்தானே அங்கிள்?"

அவர் முகம் மலர்ந்தது. "அட! பரவால்லியே!"

அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்று என் வீட்டில் ஒரு கல்யாண ஆல்பம் இருந்திருக்கும். நிறுத்தினேனா? தட்டிலிருந்து இரண்டு லவ் லெட்டரை எடுத்தேன் (சீனப் பெருநாளுக்குச் செய்வார்களே, அந்தச் சுருள் பிஸ்கட்). ஒன்றின் நுனியைக் கடித்துக் குட்டையாக்கினேன்.

"இது தர்ட்டி எய்ட் ஸ்பெஷல். கடிக்காதது த்ரீ ஃபிஃப்டி செவன் மேக்னம். நம்பர்தான் வேற, பருமன் ஒண்ணுதான். மேக்னம் கொஞ்சம் நீளம், வேகம் ஜாஸ்தி. மேக்னம் துப்பாக்கியில தர்ட்டி எய்ட்டைப் போட்டுச் சுடலாம். ஆனா தர்ட்டி எய்ட் துப்பாக்கியில மேக்னம் முழுசா உள்ள போகாது அங்கிள்." என் கைமுஷ்டிக்குள் லவ் லெட்டரைச் செருகிக் காட்டினேன். "மீறி எப்படியாச்சும் போட்டுச் சுட்டா, துப்பாக்கி வெடிச்சுக் கையே போயிரும்!"

உற்சாகத்தில் முஷ்டியை இறுக்கினேன். தூள் பறந்து எதிரே இருந்த பெண்ணின் அம்மா சேலையெல்லாம் விழுந்தது.

பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

தனியாக உட்கார்ந்து வீடியோ பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "கூட்டாளிங்க" என்றேன்.

சார்ஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் கூட்டாளிங்க?"

"நெறைய பேரு இருக்காங்க அங்கிள்."

"பேரு?"

வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "மொட்டை."

"எங்க கூடுவீங்க?"

"எங்க வீட்லதான் அங்கிள். டெய்லி."

ஒரே ஒரு தோட்டா வீட்டில் இருந்தாலே ஜெயில் என்கிற நாட்டில், ஒரு போலீஸ்காரரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறோம் என்பது எனக்குத் திரும்பி வரும் ஃபெரியில்தான் உறைத்தது. சாயங்காலம் அக்காவின் போன்: "அடப்பாவி, நீ எந்த கேங்லடா இருக்க?" உண்மையைச் சொன்னேன். அக்காவும் அங்கே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அப்ப அந்த மொட்டை யாரு?" என்று கேட்டாராம் சார்ஜன்.

அந்தப் பெண்ணுக்கு ஈப்போவில் ஒரு வாத்தியாரோடு கல்யாணம் ஆனது. கேள்விப்பட்ட அன்று அழுதேன். பார்க்க யாருமில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

இதெல்லாம் நடந்து பல வருஷம். போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேண்டீனில் ஒரு கதையை ஆரம்பித்தான். "எங்க அக்காவப் பொண்ணு பாக்க ஒரு கேங்ஸ்டர் வந்தான்ணே! லவ் லெட்டர்ல புல்லட் செஞ்சு காட்டுனான்!" அவன் அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தானாம், என்னைப் பார்த்ததில்லை. மேசையே சிரித்தது. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கேண்டீன் அக்காவின் கை அப்படியே நின்றது. சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டாராம்.

"உங்க அக்கா சிரிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்கதான்ணே ஜாஸ்தி சிரிப்பாங்க."

"அவன் கூட ஆளுங்க நெறையவா?"

"வருசா வருசம் அப்பா ஏத்திக்கிட்டே போறாருண்ணே. மொதல்ல மொட்டை மட்டுந்தான். இப்ப வாசல்ல மோட்டர் சைக்கிள்ல இருபது பேரு காத்துக்கிட்டு நின்னாங்களாம். அவனுக்காக உசுரையே குடுப்பாங்களாம்!"

சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த இருபது பேரையும் நினைத்துப் பார்த்தேன்.

"குடுத்து வச்சவன் லா" என்றேன்.