ஏழாம் கட்டம்

விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. உலகமே அந்த ஒரு தூணில்தான் நிற்கிறது என்பது மருந்துச் சோதனை அனுமதி அலுவலகக் கண்காணிப்பாளரின் நம்பிக்கை. அந்தத் தூணில்தான் ஆராய்ச்சிக்காரி போய் முட்டிக்கொண்டாள்.

மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க அவள் ஒரு மாத்திரை கண்டுபிடித்திருந்தாள். எலிகளிடம் தேறிவிட்டது. இனி நானூறு பெண்களிடம் சோதிக்க அனுமதி வேண்டும். பட்டியலில் முதல் பெயர் அவள் அக்காவுடையது. அம்மாவையும் சித்தியையும் அந்த நோய்தான் கொண்டுபோயிருந்தது.

“ஏழாம் கட்டம், நோயின் பெயர். காலியா இருக்கே?” என்றார் கண்காணிப்பாளர்.

“நோய் இல்லாதவங்க சார். வராம தடுக்கத்தான் மாத்திரை.”

“நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா மாத்திரை? முதல்ல வரட்டும். வந்ததும் தடுத்துடலாம்.”

“வெள்ளம் வர்றதுக்கு முன்னாடிதானே சார் அணை போடணும்?”

“அணை பொதுப்பணித்துறை. அடுத்த கட்டடம்.”

மறுமாதம் போனாள்.

“பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைன்னு போட்டிருக்கீங்க?”

“ஒப்பிட்டுப் பார்க்க சார். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.”

“உங்களுக்கே தெரியாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?”

இதற்கென்றே ஒரு குழு கூடியது. நானூறு பெண்களும் தமக்கு நோய் வரப்போகிறது என்று ஆளுக்கொரு சான்றிதழ் வாங்கி வரும்படி பணித்துவிட்டுக் கலைந்தது.

வீட்டில் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு கேட்பாள்: “என்னடி, எனக்கு வந்து சேரட்டும்னு உங்க ஆபீசர் காத்திருக்காரா?” சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

பதினோராம் மாதம் ஆராய்ச்சிக்காரிக்குப் பொறுமை போயிற்று. ஏழாம் கட்டத்தில் ‘அனுமதி தாமதம்’ என்று எழுதி நீட்டினாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“எத்தனை நாளா இருக்கு?”

“பதினோரு மாசமா சார்.”

“நானூறு பேருக்குமா?”

“நானூறு பேருக்கும்.”

‘நாள்பட்டது’ என்று ஓரத்தில் குறித்து, முத்திரை குத்தினார். “இதை முதல் நாளே எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?”

சோதனையின் முதல் நாள். அக்கா முதல் ஆளாக வந்து மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

“மாவா இருந்தா உன்னைச் சும்மா விடமாட்டேன். சரி, உனக்கும் அதே அம்மாதானே? நீ ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டியா?”

“எனக்கெதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன். வந்தா பார்த்துக்கலாம்.”

சொல்லிவிட்டு, இது கண்காணிப்பாளர் பேச்சாயிற்றே, அவர் எப்போது உள்ளே வந்தார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.